எல்பிஎஸ் போட்ட குழியும் போடாத குழியும்: நோய் எதிர்ப்பு ஆய்வுக்கூடத்துக்குப் புதிதாக வருவோர்க்கு

சிங்கப்பூரின் புவன விஸ்தா எம்ஆர்டியில் இறங்கி பயோபோலிஸ் ஆய்வு வளாகத்தின் பக்கம் நடந்து வரும் புதுமுகங்களை மே மாதத்தில் சுலபமாக அடையாளம் கண்டுவிடலாம். கழுத்தில் கீறல் விழாத புது அட்டை, கையில் தடித்த குறிப்பேடு, முகத்தில் லேசான கலவரம். பாலிடெக்னிக்கிலிருந்து பயிற்சிக்கு வந்தவர்கள், முதலாண்டு முனைவர் பட்ட மாணவர்கள், போன வாரம்தான் திருச்சி விமானத்தில் வந்து இறங்கிய ஆய்வு உதவியாளர்கள். எனக்குத் தமிழ் தெரியும் என்று தெரிந்ததும் மதியச் சாப்பாட்டு மேசையில் அவர்கள் கேட்பது பெரும்பாலும் ஒரே கேள்விதான். "அண்ணே, பாக்டீரியாவோட ஒரு துண்ட ரத்த அணு மேல போட்டுப் பாருன்னு சொல்லிட்டாங்க. எங்க ஆரம்பிக்கிறது?"

எதைப் போடுவது என்பதை ஒரு மணி நேரத்தில் கற்றுக்கொள்ளலாம். தெரியாமல் ஏற்கெனவே எதைப் போட்டிருக்கிறோம் என்பதைக் கண்டுபிடிக்கத்தான் மாதக்கணக்கில் ஆகும். எனக்கு ஆனது. அதனால் இந்தக் கட்டுரையில் அந்தப் பகுதி கொஞ்சம் நீளமாகவே இருக்கும்.

செல் எதைப் பார்த்து மிரளுகிறது

நம் வெள்ளணு ஒரு பாக்டீரியாவை முழுசாகப் பார்த்து, பெயர் கேட்டு, அப்புறம் சண்டைக்குப் போவதில்லை. பாக்டீரியாவிடம் மட்டும் இருக்கிற, மனித உடலில் இல்லாத சில பொருள்களின் வடிவத்தைப் பிடித்துக்கொள்ளும் ஏற்பிகள் அதனிடம் பிறப்பிலேயே உண்டு. இப்படி ஏற்பிகள் இருந்தாக வேண்டும் என்று சார்ல்ஸ் ஜேன்வே 1989ல் ஊகித்துச் சொன்னார். 1996ல் ஜூல்ஸ் ஹாஃப்மன் குழு, 'டோல்' என்ற மரபணு கெட்டுப்போன பழ ஈக்கள் பூஞ்சைத் தொற்றைத் தாங்க முடியாமல் சாவதைக் காட்டியது. 1998ல் புரூஸ் பாய்ட்லர் குழு, எல்பிஎஸ் என்ற பாக்டீரியாப் பொருளைக் கொடுத்தாலும் அசராத ஒரு எலி வகையில் டிஎல்ஆர்4 என்ற ஏற்பிதான் பழுதாகியிருக்கிறது என்று கண்டுபிடித்தது. இந்த இருவருக்கும் 2011ல் நோபெல் கிடைத்தது. ஜேன்வே அதற்கு முன்பே இறந்துவிட்டார்.

எல்பிஎஸ் என்பது லிப்போபாலிசாக்கரைடு. ஈகோலை, சால்மோனெல்லா போன்ற கிராம்-நெகட்டிவ் பாக்டீரியாக்களின் வெளிச்சவ்வில் நெருக்கமாகப் பதிந்திருக்கும் பொருள். இதற்கு எண்டோடாக்சின் என்றும் பெயர். அதன் அடிவேரான 'லிப்பிட் ஏ' என்ற கொழுப்புப் பகுதிதான் செல்லை உசுப்புகிறது. ரத்தத்தில் இருக்கும் எல்பிபி என்ற புரதம் எல்பிஎஸ்ஸைக் கொத்திலிருந்து பிரித்து எடுத்து சிடி14இடம் கொடுக்கும். சிடி14 அதை எம்டி-2, டிஎல்ஆர்4 ஜோடியிடம் சேர்க்கும். அப்புறம் செல்லுக்குள் சங்கிலித்தொடராக வினைகள் நடந்து டிஎன்எஃப், இன்டர்லூக்கின்-6 போன்ற செய்திப் புரதங்கள் வெளியே வரும்.

மனிதர்கள் இதற்கு எவ்வளவு கூச்சமானவர்கள் தெரியுமா? உடல் எடையில் கிலோவுக்கு 2 நானோகிராம் எல்பிஎஸ் நரம்பில் ஏற்றினாலே ஆரோக்கியமான ஆளுக்குச் சில மணி நேரத்தில் குளிரும் காய்ச்சலும் வந்துவிடும். ஆய்வுக்கூட எலி இதைவிடப் பல ஆயிரம் மடங்கைத் தாங்கும். ஆகவே எலியைப் பற்றிய கட்டுரையில் படித்த அளவை மனித செல்லுக்கு அப்படியே போடாதீர்கள்.

எந்தத் துண்டு?

முதல் முறை செய்பவர் எல்பிஎஸ்ஸிலேயே தொடங்குங்கள். பலன் பளிச்சென்று தெரியும். அப்புறம் பாக்டீரியா லிப்போபுரதத்தின் நகலான பாம்3சிஎஸ்கே4 (டிஎல்ஆர்2 வழி), பாக்டீரியாவின் வாலில் இருக்கும் ஃபிளாஜெலின் (டிஎல்ஆர்5), செல்சுவரிலிருந்து உடையும் எம்டிபி (செல்லுக்கு உள்ளே இருக்கும் நாட்2) என்று போகலாம். எம்டிபி தனியாகப் போட்டால் மோனோசைட்டுகள் (வெள்ளணுக்களில் ஒரு வகை) பெரிதாக ஒன்றும் செய்யாது. கொஞ்சம் எல்பிஎஸ்ஸும் சேர்த்துப் போட்டால் இரண்டும் கைகோத்துக்கொண்டு டிஎன்எஃப்பை ஏற்றிவிடும். எம்டிபி கெட்டுப்போயிற்று என்று குப்பையில் போடும் முன் இதை ஒருமுறை செய்து பாருங்கள்.

பாக்டீரியா டிஎன்ஏ போலிருக்கும் சிபிஜியை மோனோசைட்டில் போட்டுவிட்டு ஏமாறுவோர் வருஷத்துக்கு ஒருவராவது இருப்பார்கள். அதை உணரும் டிஎல்ஆர்9 எலியின் மேக்ரோஃபேஜில் உண்டு. மனிதனிடம் அது முக்கியமாக பி செல்களிலும் பிளாஸ்மசைட்டாய்டு டெண்டிரிடிக் செல்களிலும்தான் இருக்கிறது.

எல்பிஎஸ் மட்டுமே எல்லாம் என்றும் நினைத்துவிட வேண்டாம். 2015ல் சிங்கப்பூரில் பச்சை நன்னீர் மீன் சாப்பிட்டுப் பலர் குரூப் பி ஸ்ட்ரெப்டோகாக்கஸ் தொற்றால் படுத்தது நினைவிருக்கும். அந்த ஆண்டு டிசம்பரிலேயே உணவுக் கடைகளில் பச்சை நன்னீர் மீனுக்குத் தடை வந்தது. அந்தக் கிருமி கிராம்-பாசிட்டிவ், அதனிடம் எல்பிஎஸ் துளியும் கிடையாது. அதன் ஆர்என்ஏவை மனித மோனோசைட்டுக்குள் இருக்கும் டிஎல்ஆர்8 பிடிக்கிறது. எலியில் இந்த வேலையை டிஎல்ஆர்13 பார்க்கிறது, நமக்கோ டிஎல்ஆர்13 இல்லை.

வாங்கும்போது, கொஞ்சம் விலை கூடினாலும், மிகத் தூய்மையான எல்பிஎஸ்ஸை வாங்கச் சொல்லுங்கள். சாதா எல்பிஎஸ்ஸில் லிப்போபுரத அழுக்கு ஒட்டிக்கொண்டு வந்து டிஎல்ஆர்2ஐயும் தட்டிவிடும். பிறகு எந்த ஏற்பி வேலை செய்தது என்று சொல்ல முடியாது. எந்த பாக்டீரியாவிலிருந்து எடுத்தது என்பதையும் (ஈகோலை ஓ111:பி4 என்பது போல) தொகுதி எண்ணையும் குறித்து வையுங்கள். எல்லா எல்பிஎஸ்ஸும் ஒன்றல்ல. ஈகோலையின் லிப்பிட் ஏ-யில் ஆறு கொழுப்பு வால்கள், டிஎல்ஆர்4 அதை விட்டுவைக்காது. பிளேக் கிருமியோ மனித உடல் வெப்பத்தில் நான்கு வால் எல்பிஎஸ்ஸைச் செய்துகொண்டு, நம் காவலாளியின் கண்ணில் மண்ணைத் தூவிவிட்டு உள்ளே போகும்.

என் மஞ்சள் குழிகள்

நான் சேர்ந்த மூன்றாவது மாதம். செய்திப் புரதத்தின் அளவை நிறத்தால் காட்டும் எலைசா சோதனையின் குழி ப்ளேட்டில் அமிலம் விட்டதும் நீலம் மஞ்சளாக மாறும் அல்லவா? அன்றைக்கு எல்பிஎஸ் போட்ட குழிகள் மஞ்சள். எல்பிஎஸ் போடாத கன்ட்ரோல் குழிகளும் மஞ்சள். வெளிறல்கூட இல்லை, நல்ல அரளிப்பூ மஞ்சள். பிப்பெட்டில் தவறு என்று நினைத்து மறுபடி செய்தேன், மறுபடி மஞ்சள். ரத்தம் கொடுத்தவருக்குக் காய்ச்சலோ என்று வேறு ஒருவரிடம் எடுத்தேன். அதற்கும் அசையவில்லை.

எங்கள் கூடத்தில் வெகுநாள் இருந்த ஓர் அக்கா வந்து பார்த்துவிட்டு ஒரே வார்த்தை கேட்டார். "மீடியத்தை எதில் வைத்திருக்கிறாய்?" மீடியம் என்பது செல் வளரும் திரவம். கழுவி ஆட்டோகிளேவ் செய்த கண்ணாடி பாட்டில் என்றேன். தலையில் அடித்துக்கொண்டார்.

ஆட்டோகிளேவ் 121 டிகிரியில் பாக்டீரியாவைக் கொல்லும், எல்பிஎஸ்ஸை ஒன்றும் செய்யாது. பிணத்தின் தோல் அப்படியே கண்ணாடியில் ஒட்டிக்கிடக்கும். அதைப் பொசுக்க உலர் வெப்பம் வேண்டும், 250 டிகிரியில் அரை மணி நேரமாவது. அன்றிலிருந்து செல்லைத் தொடும் எதையும் பைரோஜன் (காய்ச்சல் உண்டாக்கும் பொருள்) இல்லை என்று சான்று அச்சடித்த பிளாஸ்டிக்கில்தான் வைக்கிறேன். தண்ணீர், பிபிஎஸ் என்ற உப்புக் கரைசல், மீடியம், சீரம் நான்கையும் எண்டோடாக்சின் அளவு குறித்துக் கொடுப்பவர்களிடம்தான் வாங்குகிறேன். ஈகோலையில் தயாரித்த புரதம் எதையாவது செல்லில் போடச் சொன்னால் இரண்டு மடங்கு சந்தேகப்படுங்கள். வெப்ப அதிர்ச்சிப் புரதங்கள் நேராக டிஎல்ஆர்4ஐத் தூண்டுகின்றன என்று ஒரு காலத்தில் பலர் எழுதினார்கள். பிற்பாடு பார்த்தால், அதில் பெரும்பகுதி அந்தப் புரதத்தோடு ஒட்டி வந்த எல்பிஎஸ்ஸின் வேலை.

நாக்கில் மிளகாய் எரிந்துகொண்டிருக்கும்போது பாயசத்தில் சர்க்கரை போதுமா என்று கேட்டால் என்ன சொல்ல முடியும்? அந்த நிலைமையில்தான் என் செல்கள் இருந்தன.

சந்தேகத்தைத் தீர்க்க இரண்டு வழி உண்டு. ஒன்று, பாலிமிக்சின் பி. அது எல்பிஎஸ்ஸைக் கட்டிப்போடும். நீங்கள் சோதிக்கும் பொருளோடு அதைச் சேர்த்தும் சேர்க்காமலும் போட்டுப் பாருங்கள். சேர்த்ததும் டிஎன்எஃப் விழுந்தால், உங்கள் பொருள் வாயைத் திறக்கவே இல்லை, பேசியதெல்லாம் அழுக்கு. இன்னொன்று நேராக அளப்பது. அதற்கு நன்றி சொல்ல வேண்டியது மண்டாய் சேற்றில் ஊரும் ஒரு பிராணிக்கு.

லாட நண்டின் உபயம்

லாட நண்டின் ரத்தம் நீலம், அதில் இரும்புக்குப் பதில் செம்பு. துளி எண்டோடாக்சின் பட்டாலும் அந்த ரத்தத்தின் அணுக்கள் கூழாக உறைந்துவிடும். இதை வைத்து ஃபிரெடரிக் பாங்கும் ஜாக் லெவினும் 1960களில் உருவாக்கியதுதான் எல்ஏஎல் சோதனை. இன்றைக்கும் ஊசி மருந்துகள் பலவற்றை இதில் சோதித்த பிறகே விற்பனைக்கு விடுகிறார்கள்.

இதில் சிங்கப்பூரின் பங்கு இங்கே வேலை செய்யும் பலருக்கே தெரியாது. சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகத்தின் டிங் ஜியாக் லிங், ஹோ போ இருவரும் நம் சதுப்புநில லாட நண்டிலிருந்து, எண்டோடாக்சினை முதலில் மோப்பம் பிடிக்கும் 'ஃபேக்டர் சி' புரதத்தின் மரபணுவைப் பிரித்தெடுத்தார்கள். 1990களில் நடந்த வேலை இது. அந்தப் புரதத்தை ஆய்வுக்கூடத்திலேயே தயாரித்தால் நண்டைப் பிடித்து ரத்தம் எடுக்க வேண்டியதில்லை. ஐரோப்பிய மருந்து நூல் 2021 ஜனவரி முதல் அந்த முறையை ஏற்றுக்கொண்டிருக்கிறது.

நடைமுறையில் இதில் ஒரு லாபமும் உண்டு. பழைய எல்ஏஎல் பூஞ்சையின் பீட்டா-குளூக்கானுக்கும் உறையும், இல்லாத எண்டோடாக்சினை இருப்பதாகச் சொல்லும். ஃபேக்டர் சி மட்டும் இருக்கும் கிட் அந்தக் குழப்பம் செய்யாது. முடிவு ஈயூ என்ற அலகில் வரும். 1 ஈயூ என்பது ஏறத்தாழ 0.1 நானோகிராம். மனித மோனோசைட் மில்லிலிட்டருக்கு அதைவிடக் குறைந்த அளவுக்கே அசையத் தொடங்கும். ஆகவே 'குறைவுதான்' என்று கிட் சொல்வதைச் செல் ஒப்புக்கொள்கிறதா என்றும் பாருங்கள்.

ரத்தம்

காகித வேலையை முதலில் முடியுங்கள். மனித ரத்தத்தைத் தொடும் ஆராய்ச்சி 2015ஆம் ஆண்டின் மனித உயிர்மருத்துவ ஆராய்ச்சிச் சட்டத்துக்குள் வரும். நெறிமுறைக் குழுவின் ஒப்புதலும் கொடுப்பவரின் எழுத்துபூர்வமான சம்மதமும் இல்லாமல் ஊசியை எடுக்கக் கூடாது. ஹெப்பட்டைட்டிஸ் பி தடுப்பூசி போட்டிருக்க வேண்டும். அப்புறம், அவசரத்துக்கு உங்கள் ரத்தத்தையே எடுத்துக்கொள்ளலாம் என்று தோன்றும். செய்யாதீர்கள். ஆய்வுக்கூடத்தில் மாற்றமடைந்த உங்கள் செல்லே கை தவறி உங்களுக்குள் குத்திவிட்டால், உடல் அதை அந்நியன் என்று துரத்தாது.

உறையவிடாத ஹெப்பாரின் ட்யூபில் எடுத்த ரத்தத்தை ஐஸில் வைக்காமல் அறை வெப்பத்திலேயே கொண்டுவாருங்கள். கென்ட் ரிஜ்ஜிலிருந்து எடுத்துவந்தால் வெயிலில் நின்று பேருந்துக்குக் காத்திருக்க வேண்டாம், நம் ஊர் 32 டிகிரி அறை வெப்பம் ஆகாது. சில மணி நேரத்துக்குள் வேலையைத் தொடங்கிவிடுங்கள்.

ரத்தத்தை அதே அளவு பிபிஎஸ்ஸில் கலக்குங்கள். 50 மில்லி ட்யூபில் 15 மில்லி ஃபைக்கால் (அணுக்களைப் பிரிக்கும் அடர்ந்த திரவம்) விட்டு, அதன் மேல் 30 மில்லி ரத்தக் கலவையை ட்யூபின் சுவர் வழியாக மெல்ல வழியவிடுங்கள். பாலின் மேல் டிக்காஷனைத் தனி அடுக்காக நிற்க வைக்கத் தெரிந்தவருக்கு இது தண்ணீர் பட்ட பாடு. பிறகு சென்ட்ரிஃபியூஜில் சுழற்றுங்கள், 400 ஜி, 30 நிமிடம், 20 டிகிரி, பிரேக் இல்லாமல். பிரேக் விசையை மறந்தால் அடுக்குகள் கலங்கி அரை நாள் வேலை போய்விடும். ஃபைக்கால் குளிர்பெட்டியிலிருந்து நேராக வந்திருந்தாலும் அடுக்கு சரியாகப் பிரியாது, முன்னதாகவே வெளியே எடுத்து வையுங்கள்.

நடுவில் மேகம்போல் வெண்மையாக ஒரு வளையம் நிற்கும். உங்களுக்கு வேண்டியது அது. அதை உறிஞ்சி எடுத்து இரண்டு முறை கழுவுங்கள், இரண்டாவதை மெதுவான சுழற்சியில் செய்தால் பிளேட்லெட்டுகள் போய்விடும். 1 மில்லி ரத்தத்துக்கு 10 லட்சம் முதல் 20 லட்சம் செல் கிடைக்கும். அவற்றில் மோனோசைட் பத்தில் ஒன்றிலிருந்து ஐந்தில் ஒன்றுவரைதான். நியூட்ரோஃபில்களைத் தேடாதீர்கள், அவை சிவப்பணுக்களோடு அடியில் போயிருக்கும்.

தூண்டுதல்

96 குழி ப்ளேட்டில் குழிக்கு 2 லட்சம் செல், ஆர்பிஎம்ஐ மீடியம், 10 சதவீத சீரம். சீரம் இல்லாமல் முயன்றால் குறைந்த அளவு எல்பிஎஸ்ஸுக்குச் செல் மந்தமாகவே இருக்கும், முன்னே சொன்ன எல்பிபி சீரத்தில்தான் வருகிறது. எல்பிஎஸ் பிளாஸ்டிக்கில் ஒட்டும், தண்ணீரில் கொத்துக் கொத்தாக நிற்கும். ஒவ்வொரு முறை நீர்க்கும் முன்பும் நன்றாகக் குலுக்கி வார்ட்டெக்ஸ் செய்யுங்கள். இதைச் சோம்பேறித்தனத்தில் விட்டவரின் வரைபடத்தைப் பார்த்தாலே தெரியும், ஒரே அளவு போட்ட மூன்று குழிகளும் மூன்று திசையில் நிற்கும்.

அளவு மில்லிலிட்டருக்கு 0.1, 1, 10 நானோகிராம் என்று ஏணியாகப் போடுங்கள். கன்ட்ரோலுக்கு எல்பிஎஸ் கரைக்க எடுத்த அதே நீர், எல்பிஎஸ் இல்லாமல். டிஎன்எஃப் பார்க்க 4 முதல் 6 மணி நேரத்தில் மேல்திரவம் எடுக்கலாம், இன்டர்லூக்கின்-10க்கு 24 மணி நேரம் பொறுக்க வேண்டும். எல்பிஎஸ் குழிகளின் திரவத்தைப் பத்து மடங்காவது நீர்த்து எலைசாவில் போடுங்கள். இல்லாவிட்டால் அளவுகோலுக்கு மேலே போய் எல்லாம் ஒரே உயரத்தில் நிற்கும்.

ஆளுக்கு ஆள் எண்கள் பயங்கரமாக மாறும். ஒருவருக்கு 500 பிகோகிராம் வந்தால் பக்கத்தவருக்கு 5000 வரலாம். அவரவர் கன்ட்ரோலோடு அவரவரை ஒப்பிடுங்கள். அண்மையில் காய்ச்சலா, தடுப்பூசியா என்று கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். காசநோய்த் தடுப்பூசியான பிசிஜி போட்டவரா என்பதும் முக்கியம். இங்கே பிறந்தவர்களுக்குப் பிறந்தவுடனே போட்டுவிடுகிறார்கள். பிசிஜி மோனோசைட்டுகளை நாட்2 வழியாகப் பழக்கி, வேறு கிருமிகளுக்கும் அதிகமாகத் துள்ள வைக்கிறது என்பது 2012ல் வெளிவந்த ஆய்வு.

சத்தமும் சண்டையும்

டிஎன்எஃப் ஏறிவிட்டது, எதிர்ப்புச் சக்தி கூடிவிட்டது என்று எழுதிவிடத் தோன்றும். டிஎன்எஃப் என்பது செல் போடும் கூச்சல். கிருமியைக் கொன்றதா என்பது வேறு கேள்வி, அதற்கு வேறு சோதனை.

மோனோசைட்டுகளை இரண்டு மணி நேரம் ப்ளேட்டில் ஒட்டவிட்டு, ஒட்டாததைக் கழுவுங்கள். மீடியத்தில் ஆன்டிபயாட்டிக் இருக்கவே கூடாது. பென்-ஸ்ட்ரெப் சேர்த்த பாட்டிலைப் பழக்கதோஷத்தில் எடுத்துவிட்டு, 'எல்பிஎஸ் கொடுத்த செல் நூறு சதவீதம் கொன்றது' என்று மகிழ்ந்தவர்களை நான் அறிவேன். ஒரு பாதிக்கு எல்பிஎஸ் 24 மணி நேரம், மறு பாதிக்கு வெறும் மீடியம். கழுவிவிட்டு, தீங்கில்லாத ஈகோலையைச் செல்லுக்குப் பத்து என்ற கணக்கில் விடுங்கள். ஒரு மணி நேரம் கழித்து ஜென்டமைசின் என்ற ஆன்டிபயாட்டிக். அது செல்லுக்குள் எளிதில் நுழையாது, வெளியே மிஞ்சியதை மட்டும் கொல்லும். பிறகு 0.1 சதவீத ட்ரைட்டனால் செல்லை உடைத்து, நீர்த்து, அகாரில் பரப்பி, மறுநாள் காலனிகளை எண்ணுங்கள்.

இதை இரண்டு நேரங்களில் செய்தாக வேண்டும், ஜென்டமைசின் போட்ட சிறிது நேரத்தில் ஒன்று, மூன்று நான்கு மணி நேரம் கழித்து ஒன்று. முதலாவது எத்தனை விழுங்கியது என்று காட்டும், இரண்டாவதுதான் எத்தனை பிழைத்தது என்று காட்டும். முதல் எண்ணிக்கையே குறைவாக இருந்தால், அந்தச் செல் கொல்லவில்லை, சாப்பிடவே இல்லை. இன்னொரு பொறி, செத்துக்கொண்டிருக்கும் செல்லின் சவ்வு ஓட்டையாகி ஜென்டமைசின் உள்ளே போய்விடும், காலனி குறையும், நீங்கள் செல்லைப் பாராட்டுவீர்கள். மேல்திரவத்தில் எல்டிஎச் (செல் செத்தால் வெளியே கசியும் நொதி) அளந்து, செல்கள் உயிரோடுதான் இருந்தன என்று உறுதி செய்துகொள்ளுங்கள்.

முன்கூட்டியே எல்பிஎஸ் ருசித்த செல்லுக்கு மறுநாள் திரும்ப எல்பிஎஸ் கொடுத்தால் டிஎன்எஃப் மிகக் குறைவாகத்தான் வரும். இது எண்டோடாக்சின் சகிப்பு. 1940களிலேயே பால் பீசன் முயல்களுக்கு டைஃபாய்டு தடுப்பூசியைத் திரும்பத் திரும்பப் போட்டு, காய்ச்சல் தணிந்துகொண்டே போவதைக் காட்டினார். ரத்தத்தில் கிருமி பரவி மோசமான நிலையில் இருக்கும் நோயாளிகளின் மோனோசைட்டிலும் இதே மந்தம் தெரியும். வெறும் மீடியத்தில் வைத்த உங்கள் கன்ட்ரோல் செல் எல்பிஎஸ்ஸுக்குச் சரியாகத் துள்ளாவிட்டால், நேற்றிரவே அது அழுக்கு எல்பிஎஸ்ஸைச் சுவைத்துச் சகித்துக்கொண்டிருக்கலாம். மறுபடியும் என் மஞ்சள் குழிகளிடம்தான் வந்து நிற்கிறோம்.

இங்கே மழைக்காலத்தில் பேசப்படும் மெலியாய்டோசிஸ் கிருமியில் இதைச் செய்து பார்க்கும் ஆசை வந்தால் உடனே விட்டுவிடுங்கள். மண்ணில் சாதாரணமாக வாழ்ந்தாலும், அது 2005ஆம் ஆண்டின் கிருமி, நச்சுப்பொருள் சட்டத்தின் பட்டியலில் இருக்கிறது. தனி அனுமதியும் உயர்பாதுகாப்புக் கூடமும் வேண்டும். அதன் சாதுவான உறவான பர்க்ஹோல்டேரியா தாய்லாந்தென்சிஸை வைத்துப் பல கூடங்கள் சமாளிக்கின்றன.

நாள்காட்டியைப் பார்த்து

திங்கட்கிழமை மீடியத்தையும் எல்பிஎஸ்ஸையும் தயார் செய்து, செல்லே இல்லாமல் எண்டோடாக்சின் மட்டும் அளந்துவிடுங்கள். செவ்வாய் காலை ரத்தம், மதியம் தூண்டுதல். மாலையில் 5 மணி நேரத் திரவம், புதன் மதியம் 24 மணி நேரத் திரவம். திரவத்தைச் சின்னச் சின்ன ட்யூபாகப் பிரித்து உறைய வையுங்கள், ஒரே ட்யூபைத் திரும்பத் திரும்ப உருக்கினால் அளவு இறங்கும். வியாழன் எலைசா. வியாழக்கிழமை ரத்தம் எடுத்துக் கொல்லும் சோதனையைத் தொடங்கியவர் சனிக்கிழமை காலை காலனி எண்ண வருவார். தீபாவளி வாரத்தில் தேக்காவில் கூட்டம் அலைமோதும்போது நான் இம்யூனோஸ் கட்டடத்தில் தனியாக உட்கார்ந்து 212, 213 என்று எண்ணியது அப்படித்தான். மீந்த ரத்தத்தையும் ஈகோலையையும் 10 சதவீத பிளீச்சில் அரை மணி நேரம் ஊறவிட்டுக் கழிவுப் பையில் போட்டுவிட்டுக் கிளம்புங்கள்.